திருகுசொல் பக்கம்

தப்பு கண்ணில் பட்டால் எனக்குச் சோறு இறங்காது, டாக்டரம்மா. பிழை திருத்தியே பிழைக்கிறவன் நான். அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் அறைக் கதவில் 'பேச்சுப் பயிற்ச்சி' என்று ஒட்டியிருக்கிறீர்கள். 'ற்'றுக்குப் பக்கத்தில் 'ச்' வரக்கூடாது. வருகிற போகிறவர்கள் எல்லாம் பார்க்கிற இடம், மாற்றிவிடுங்கள்.

நேற்று என் சகலையை இதே நாற்காலியில் உட்காரவைத்துப் பட அட்டைகளைக் காட்டிச் சோதித்தீர்கள். பிறகு வெளியே வந்து, இன்றைக்கு நான் மட்டும் தனியாக வரவேண்டும் என்றீர்கள். எதற்கென்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. நான் ஒளித்துவைக்கிற ஆள் இல்லை. இத்தனை மாதத்தில் யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அவரும் நானும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். மூத்தவளைக் கட்டியவன் நான். அவரை எங்கள் வாரப்பத்திரிகையில் சேர்த்துவிட்டதே நான்தான், இதை யாரும் இப்போது ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. ஆபீசில் அவருக்கு 'அகராதி' என்று பெயர். அகராதி பிடித்தவர் என்ற அர்த்தத்தில் இல்லை. வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர். திருகுசொல் பக்கத்தால் வந்த பெயர் அது.

அந்தப் பக்கத்தை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். யாரும் வாயால் சொல்லாத ஒரு இங்கிலீஷ் சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டியது, அதில் ஒன்றிரண்டு எழுத்தை மட்டும் திருக வேண்டியது, திருகி வந்த சொல்லுக்குப் புது அர்த்தம் எழுத வேண்டியது. தூக்கத்தில் நடக்கிறவனுக்கு சோம்னாம்புலிஸ்ட் என்று பெயர். அவர் அதை 'சோம்பாம்புலிஸ்ட்' ஆக்கினார்: தூக்கத்தில்கூட எழுந்து நடக்கச் சோம்பல்படுகிறவர். பிறர்க்கு உதவுவது ஆல்ட்ரூயிசம். அவர் கையில் அது 'ஆள்ட்ரூயிசம்' ஆயிற்று: ஆள் பார்த்துச் செய்கிற தர்மம். க்ளெப்டோமேனியா என்கிற திருட்டு வியாதி 'க்ளெப்டோமாமியா' ஆயிற்று: மாமியார் வீட்டிலிருந்து கிளம்பும்போதெல்லாம் ஒரு டப்பாவாவது பைக்குள் ஏறிவிடும் நோய். இதைப் படித்துவிட்டு எங்கள் ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அம்மா வீட்டு டப்பாக்கள் எங்கள் சமையலறை முழுக்க இருந்தும் அவளுக்குக் கோபம் வரவில்லை. அதையே நான் சொல்லியிருந்தால் அன்றைக்கு இரவுச் சாப்பாடு இருந்திருக்காது.

அந்தச் சொற்களை எல்லாம் தேடிக் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். செங்கல் கனத்துக்கு இருக்கிற இங்கிலீஷ் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில், கழுத்து வலிக்க வலிக்கப் பொறுக்கியெடுத்துக் கொடுத்தேன். அவர் ஒரு வாய் டீ குடித்துவிட்டு, மேலே பார்த்து, ஒரு எழுத்தைத் திருகிவிட்டுப் போய்விடுவார். பக்கத்தில் அவர் பெயர் அச்சாகும். அதிலும் எழுத்துப்பிழை வராமல் பார்த்துக்கொண்டவன் நான். கறிவேப்பிலை மாதிரி என்பார்களே, அந்த வாசனைக்குக்கூட என்னை யாரும் மோந்து பார்க்கவில்லை.

நானும் முயற்சி செய்யாமல் இல்லை. மாதக்கணக்கில் யோசித்து ஒரு சொல்லைத் திருகிக்கொண்டு போவேன். ஆசிரியர் படித்துவிட்டு, "சரி" என்பார். பக்கம் கட்டுகிற பையன், "இதுக்கு வெளக்கவுரை வேற போடணுமா சார்?" என்பான். என் சகலைதான் என் தோளில் கை போட்டு, "நல்லாத்தான் இருக்கு சகலை. கொஞ்சம் இழுக்குது, அவ்வளவுதான். நாளைக்கு ரெண்டு பேருமா உக்காந்து பாப்போம்" என்பார். டாக்டரம்மா, ஒருவன் நம்மைக் கேலி செய்தால் பதிலுக்குத் திட்டிவிட்டுப் போகலாம். இரக்கப்படுகிறவனை என்ன செய்வது? எனக்கு வயிறு எரியும். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னால், "உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை? வர்றவங்களுக்கு வருது" என்பாள்.

பிறகு அவருக்கு அந்தப் பக்கவாதம் வந்தது. காலையில் ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தவர் பாதி முகத்தில் நுரையோடு சரிந்துவிட்டார். கை கால் ஓரளவு தேறிவிட்டது. பேச்சுதான் குழறிப் போயிற்று. மனதில் ஒன்று இருக்கும், வாயில் வேறொன்று வரும். ஏதோ தப்பு என்று மட்டும் அவருக்குத் தெரியும்; கண் கலங்கும். அப்போதுதான் நீங்கள் எங்கள் எல்லோரையும் இங்கே உட்காரவைத்துப் பாடம் எடுத்தீர்கள். தினமும் ஒரே நேரம், ஒரே ஆள். அட்டையைக் காட்ட வேண்டும். சரியாகச் சொன்னால் தோளைத் தட்டிச் சிரிக்க வேண்டும். தப்பாகச் சொன்னால் திட்டக்கூடாது. தலையை மட்டும் மெல்ல ஆட்டிவிட்டு, சரியான சொல்லைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். "அவர் மூளைக்கு எது சரி, எது தப்புன்னு இப்போ தெரியாது. உங்க முகத்தைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்குவார்" என்றீர்கள். நல்ல வாக்கியம். ஒரு பிழை இல்லை.

என் மச்சினி வேலைக்குப் போகவேண்டும். மகள் அழுதுவிடுவாள், அழுகிற முகத்தை வைத்துக்கொண்டு பயிற்சி கொடுக்க முடியாது. நான்தான் முன்வந்தேன். "அத்தான், உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல" என்று மச்சினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இருக்கவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

முதல் சில வாரங்கள் நீங்கள் சொன்னபடியேதான் செய்தேன். ஒருநாள் அட்டைகள் சலித்துப்போய், அவருக்குப் பழக்கமான விளையாட்டாக இருக்கட்டுமே என்று, லுகூப்ரியஸ் என்ற சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருப்பது என்று அர்த்தம். அவர் வாயைக் கோணிக்கொண்டு, கஷ்டப்பட்டு, "லுங்கிப்ரியஸ்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிஜமாகவே வந்தது. லுங்கிப்ரியஸ்: ஞாயிற்றுக்கிழமை முழுக்க லுங்கியோடு உட்கார்ந்து திங்கட்கிழமையை நினைத்துச் சோகப்படுகிற நிலை. அர்த்தம் நான் எழுதியது. மறுநாள் ஆபீசில் காட்டினேன்.

ஆசிரியர் சிரித்தார். பக்கம் கட்டுகிற பையன் அதை நாலு பேருக்குப் படித்துக் காட்டினான். நின்றுபோயிருந்த பக்கத்தைத் திரும்பத் தொடங்கினார்கள். இந்தத் தடவை என் பெயர் போட்டு. "இத்தனை நாளா எங்க சார் ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்றார் ஆசிரியர். நான் சிரித்து வைத்தேன்.

அதற்குப் பிறகு தினமும் அட்டைகளுக்கு நடுவே இரண்டு மூன்று அகராதிச் சொற்களையும் சொல்லுவேன். எதிர்பாராமல் வருகிற அதிர்ஷ்டத்துக்கு செரண்டிபிட்டி என்று பெயர். அவர் வாயில் அது 'செரிக்காண்டிபிட்டி' என்று வந்தது. எதிர்பாராமல் கிடைத்த விருந்து வயிற்றைக் கெடுப்பது என்று எழுதினேன். வேலையைத் தள்ளிப்போடுகிற ப்ரொக்ராஸ்டினேட் 'ப்ரொகுறட்டினேட்' ஆயிற்று. இதற்கு அர்த்தமே எழுதத் தேவையில்லை. இதில் யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்கள். கீழே சிந்துவதைத்தான் நான் பொறுக்கிக்கொண்டேன்.

கஷ்டம் எங்கே வந்தது என்றால், உங்கள் பயிற்சி பலிக்க ஆரம்பித்தது. ஒரு சாயங்காலம் சொலிலக்வி என்றேன். தனக்குத்தானே பேசிக்கொள்வது. நல்லதாக ஒன்று வரும் என்று காத்திருந்தேன். அவர் நிதானமாக, ஒரு ஒலிகூடப் பிசகாமல், "சொலிலக்வி" என்றார். அதோடு விட்டாரா? "தனியாப் பேசறது" என்று அர்த்தமும் சொல்லிவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி என் முகத்தைப் பார்த்தார்.

எனக்கு மண்டை காய்ந்தது. மறுநாள் பக்கம் கொடுக்க வேண்டும், கையில் ஒன்றுமில்லை. இன்னும் ஒரு மாதம் போனால் இவர் எழுந்து ஆபீசுக்கு வந்துவிடுவார். எல்லோரும் கைதட்டுவார்கள். நான் மறுபடியும் செங்கல்லை மடியில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். தோளில் மறுபடியும் அந்தக் கை விழும். இதெல்லாம் அந்த ஒரு நொடியில் எனக்குத் தோன்றியது. நான் தலையை மெல்ல ஆட்டினேன். இல்லை என்று.

அவர் முகம் விழுந்துவிட்டது. "இல்ல?" என்றார். "இல்ல சகலை. நிதானமா இன்னொரு தடவை" என்றேன். குரலை உயர்த்தவில்லை. நீங்கள் சொல்லிக்கொடுத்த தொனிதான்.

ஒரு இடத்தில் சரியை இல்லை என்று சொல்லிவிட்டால், மற்ற இடங்களிலும் அதற்கேற்ற மாதிரி மாற்ற வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் அவர் குழம்பிப்போவார். பிழைதிருத்துகிறவனுக்கு இது தெரியும். முதல் பக்கத்தில் ஒரு பெயரை ஒரு மாதிரி அச்சடித்துவிட்டால், கடைசிப் பக்கம்வரை அப்படியேதான் போகவேண்டும். அதனால் அட்டைகளுக்கு வந்தேன். கரண்டி என்று சரியாகச் சொன்னால் தலையை ஆட்டினேன். கரடி என்றபோது தோளைத் தட்டினேன். கதவுக்குக் கனவு. சட்டைக்குச் சண்டை. தண்ணிக்குக் கண்ணி. மருந்துக்கு விருந்து. ஒன்றிரண்டு எழுத்துக்கு மேல் நான் எங்கேயும் தொடவில்லை. பக்கத்தின் விதி அது, அவரே போட்ட விதி.

அவர் கெட்டிக்காரர். ரொம்பச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்.

வீட்டில் யாருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் முதலில் கொஞ்சம் பயந்தேன். ஆனால் அந்த வீட்டைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. சொல்லைத் திருகாமல் அவர் ஒருநாளும் அங்கே பேசியதில்லை. "அந்தக் கரடியை எடு" என்று அவர் கையை நீட்டியதும் மச்சினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பாத்தியாக்கா, மனுஷனுக்கு வாய்க்கொழுப்பு திரும்பிடுச்சு" என்று அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவர் சட்டையைக் காட்டிச் சண்டை சண்டை என்றதும் பக்கத்து வீட்டுக்காரர் கைதட்டினார். அவர் விளையாடவில்லை என்பது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவர் எல்லோர் முகத்தையும் பார்ப்பார். எல்லோரும் சிரிக்கிறார்கள், அப்படியானால் சொன்னது சரிதான் என்று அவரும் சிரிப்பார். நீங்கள்தானே சொன்னீர்கள், முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார் என்று.

ஒருநாள் அவருக்குத் தாங்கமுடியாத தலைவலி. விருந்து, விருந்து என்று மதியம் முழுக்கக் கெஞ்சியிருக்கிறார். மச்சினி ஆபீசுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, வகைவகையாகச் சமைத்து, தட்டை நிரப்பி மடியில் வைத்திருக்கிறாள். அவர் தட்டைத் தள்ளிவிட்டு அழுதாராம். "என்னதான் வேணும் இந்த மனுஷனுக்கு? செஞ்சா திங்க மாட்டேங்கறார்" என்று என்னிடம் அலுத்துக்கொண்டாள். அன்றைக்கு எனக்கும் மனது கஷ்டமாகத்தான் இருந்தது. மாத்திரையை எடுத்து நானே கொடுத்தேன். என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அதிலிருந்து அவர் மற்றவர்களிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். நான் வருகிற நேரத்துக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். அவர் சொல்வது எனக்கு மட்டும்தான் முழுசாகப் புரியும் என்று வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். "பெரியப்பா இல்லன்னா அப்பா என்ன ஆவார்னே தெரியல" என்று மகள் சொன்னாள். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை.

அந்த மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளை அவர் 'வாலு' என்றுதான் கூப்பிடுவார். பிறந்தபோது வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். கடல் தாண்டி ஒரு நாட்டில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. ஒரு தடவை தள்ளிப்போட்டாள், இன்னொரு தடவையும் தள்ளிப்போட்டாள். அதற்குமேல் முடியாது என்று அங்கிருந்து எழுதிவிட்டார்கள். போனால் சில வருஷத்துக்கு வரமுடியாது. ஒருநாள் பயிற்சிக்கு நான் கதவைச் சாத்தப்போகும்போது என்னை நிறுத்தினாள்.

"பெரியப்பா, எனக்கு வேற எதுவும் வேணாம். கெளம்பறதுக்குள்ள அப்பா ஒரே ஒரு தடவ வாலுன்னு கூப்டுட்டா போதும். நிம்மதியாப் போயிடுவேன்."

"பாக்கலாம்மா, முயற்சி பண்றேன்" என்றேன்.

அவள் போட்டோவை நீங்கள் அட்டைகளோடு சேர்த்து வைத்திருந்தீர்கள். அதைக் காட்டுவதை நான் தள்ளிக்கொண்டே வந்திருந்தேன். காரணம், நீங்கள் சொன்னதுதான்: வீட்டு மனிதர்களின் பெயர் ஒன்று நிலையாக வந்துவிட்டால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் திரும்பி வந்துவிடும். ஆனால் அவள் கேட்டபிறகு காட்டாமல் இருப்பது நியாயமில்லை. காட்டினேன். அவர் போட்டோவைக் கையில் வாங்கி, விரலால் தடவி, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் "வாலு" என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

அன்றைக்கு அவர் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "வாலு, வாலு" என்று போட்டோவை என் முகத்துக்கு நேரே நீட்டினார். முதல்முறையாக என்மேல் அவருக்குக் கோபம் வந்தது. நான் நிதானமாக இருந்தேன். ஆட்டிக்கொண்டே இருந்தேன். அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும். கடைசியில் போட்டோவைப் பார்த்தால் உதடு குவிக்கப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வார். வெறுமனே விட்டால் பாவம் என்று, பதிலுக்கு ஒரு சொல் கொடுத்தேன். பேண்டமோனியம் என்று ஒன்று இருக்கிறது, காட்டுக் கூச்சல் என்று அர்த்தம். அதைத் திருகி 'பாப்பாமோனியம்' என்று நான் ஒருதடவை ஆபீசுக்குக் கொண்டுபோயிருந்தேன்: ஒரே ஒரு பெண்குழந்தை இருக்கிற வீட்டின் சத்தம். யாரும் சிரிக்கவில்லை. சொல் ஒன்றும் மோசமில்லை. அவர்களுக்கு அன்றைக்கு மனநிலை சரியில்லாமல் இருந்திருக்கும். அதை அவருக்கு உச்சரிக்கப் பழக்க நாளாயிற்று. நாலு துண்டாக்கிச் சொல்லிக்கொடுத்து, பிறகு சேர்க்கச் சொன்னேன்.

நேற்று நீங்கள் அதைத்தான் கண்டுபிடித்தீர்கள், இல்லையா? மூளை தானாகச் செய்கிற தப்பு நாளுக்கு ஒன்றாக மாறும், இவர் கரண்டியை எத்தனை தடவை காட்டினாலும் கரடி என்றே சொல்கிறார், இது யாரோ சொல்லிக்கொடுத்துப் படித்த தப்பு என்று நர்ஸிடம் சொன்னீர்கள். கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது. உங்கள் வேலையை நீங்கள் ஒழுங்காகச் செய்கிறீர்கள். எனக்கு அதில் மரியாதை உண்டு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் அவள் கிளம்பினாள். ஹாலில் பெட்டிகள், சொந்தக்காரர்கள், என் ஆசிரியர்கூட வந்திருந்தார். வெளியே வண்டி காத்துக்கொண்டிருந்தது. அவள் அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "அப்பா, நான் யாருப்பா?" என்றாள். ஹாலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் அவளைப் பார்த்தார். உதடு குவிந்தது. "வா..." என்றார். சுத்தமாக வந்தது, எல்லோருக்கும் கேட்டது. அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அப்போது அவர், வழக்கம்போல, சரிதானா என்று தெரிந்துகொள்ள, அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். தோளைத் தட்டுகிற தூரத்தில்கூட இல்லை. ஒன்றும் செய்யாமல் சும்மா நின்றிருந்தால் போதும், மீதி எழுத்தையும் அவரே சொல்லியிருப்பார். நான் தலையை ஆட்டினேன். மெல்லத்தான்.

அவர் வாயை மூடிக்கொண்டார். பிறகு மகளைப் பார்த்து, நான் சொல்லிக்கொடுத்தபடி, துண்டு துண்டாக இல்லாமல் ஒரே மூச்சில், "பாப்பாமோனியம்" என்றார்.

ஹால் முழுக்கச் சிரிப்பு வெடித்தது, டாக்டரம்மா. ஆசிரியர் நாற்காலிக் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மச்சினி அழுதுகொண்டே சிரித்தாள். என் மனைவிக்குப் புரையேறிவிட்டது. விளக்கம் சொல்லவேண்டி இருக்கவில்லை. அது நான் போட்ட சொல், ஒரு வீடே சிரித்த சொல். நாலு பேர் நடுவில் அதை எழுந்து சொல்ல முடியாமல் நான் அன்றைக்குப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மகள் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து, யாரையும் பார்க்காமல், பையை எடுத்துக்கொண்டு போய் வண்டியில் உட்கார்ந்துவிட்டாள். கிளம்புகிற அவசரத்தில் அவளுக்குச் சொல் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைக்கிறேன்.